கிடாவை விட்டுப் போன ஈ

விடிந்ததும் கருத்தப்பாண்டிக்கு முதல் வேலை, கிடாவின் பின்னங்காலைத் தூக்கிப் பார்ப்பது. பல் விளக்குவதுகூட அதற்கப்புறம்தான். நாரணாபுரத்தில் அவன் தெருவே பட்டாசுக் கம்பெனி வேனைப் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கும். அவன் மட்டும் வேப்பமரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்து, கற்பூரம் குழைத்த வேப்பெண்ணெயைக் கோழி இறகில் தொட்டுத் தொட்டுப் புண்ணில் தடவிக்கொண்டிருப்பான். கிடா உதைக்கும். "ஏலே, சும்மா நில்லுலே ராசா" என்று கொஞ்சுவான். பெற்ற பிள்ளையைக்கூட இந்த மனுசன் இப்படிக் கொஞ்சியதில்லை என்று அவன் பெண்டாட்டி பொன்மணி முணுமுணுப்பாள்.

அது சும்மா கிடா இல்லை, நேர்ந்துவிட்ட கிடா. அந்த வருஷம் சித்திரையில் அவனைப் பெற்ற அய்யா ஊர்க்காவலன் தெருக்குழாயடியில் விழுந்தவர்தான். ஒரு பக்கம் கையும் காலும் விளங்காமல் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அடிக்கடி பொரட்டிப் படுக்க வைங்க, முதுகு புண்ணாயிராம" என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டு வாசலில் இறங்கியதும் கருத்தப்பாண்டி இருக்கன்குடி அம்மன் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டான். "தாயே, அய்யா எந்திரிச்சு நடக்கணும். ஆடிக் கடைசி வெள்ளிக்குக் குத்தங்கொறை இல்லாத கிடா ஒண்ணக் கொண்டாந்து ஒன் வாசல்ல நிறுத்துறேன்."

குத்தங்குறை இல்லாத கிடா என்று வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது. அப்படிப்பட்ட கிடாவின் காலை வேலிக்கருவை முள் கிழித்துப் புண்ணாக்கினால் மனுசனுக்குப் பதறாதா? அன்றைக்குக் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினான். அங்கேயிருந்த கம்பவுண்டர் கிடாவைச் சுற்றிய பச்சை ஈயைக் காட்டி விவரமாகச் சொன்னார்.

"இதுல ஆணு பொட்டையத் தேடுறதுக்குக் கண்ணு போதும். வெயில்ல மினுங்கிக்கிட்டுப் பறக்குறதப் பாத்தே வெரட்டிப் போயிரும். ஆனா பொட்டை முட்டை போட எடம் தேடுது பாருங்க, அதுக்கு வாடைதான் வழி. எங்கனயோ ஒரு புண்ணு அழுகுனாப் போதும், காத்துல வர்ற வாடையப் புடிச்சே வந்து சேந்துரும். கிட்ட வந்தப்புறம்தான் கண்ணால எடம் பாக்கும். முட்டை போட்ட மறுநாளே புழு நெளியும். அதனால புண்ணத் தெனமும் பாருங்க. அழுக விடாதீக, அம்புட்டுதான்."

அந்தப் பேச்சைக் கருத்தப்பாண்டி வேதவாக்காக எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொண்டது கிடாவுக்கு மட்டும். அதுதான் கொடுமை.

அய்யா படுத்திருந்தது வீட்டுக்குப் பின்னால், தகரம் போட்ட அறையில். கிடாவைக் கட்டியிருந்த மரத்துக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு கொடிக்கயிறுதான். ஆரம்பத்தில் புருசனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரைப் புரட்டத்தான் செய்தார்கள். ஆனி பிறந்து தீபாவளி ஆர்டர் குவிந்ததும் அது நின்றுபோனது. பொன்மணி காலையில் கஞ்சி புகட்டி, முன்பக்கமாகத் துடைத்துவிட்டு வேனுக்கு ஓடுவாள். நாளெல்லாம் குனிந்து சரவெடி பின்னிவிட்டு வருகிறவளுக்கு, மாலையில் தன் இடுப்பே தன்னுடையதாக இருக்காது. அவளை மட்டும் குற்றம் சொல்லி என்ன செய்ய?

கருத்தப்பாண்டியோ அறைக்குள் வருவதையே விட்டுவிட்டான். வாசலில் நின்று துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்பான்.

"சாப்பிட்டீகளாய்யா?"

"முதுகு... காந்துதுலே" என்பார் கிழவர், இழுத்துக்கொண்ட வாயோடு.

"மல்லாக்கவே கெடந்தா காந்தத்தான் செய்யும். சீசன் முடியட்டும்யா, நல்லாப் பாத்துக்கிடுவோம்."

"கிடாவுக்குக் காலு... ஆறிருச்சா?"

"ஆறிக்கிட்டிருக்குய்யா. நீங்க பேசாமப் படுங்க."

வாடை நாளுக்கு நாள் கூடியது. பொன்மணி பினாயில் தெளித்தாள், ஊதுவத்தி கொளுத்தினாள். "என்னங்க, ஒரு நாளாச்சும் மாமாவத் தூக்கி ஒக்கார வச்சுக் குளிப்பாட்டணும். எனக்கு மனசு ஒரு மாதிரியா இருக்கு" என்றாள். "இந்த ஞாயித்துக்கெழம கம்பெனியில லோடு ஏத்துற வேல இருக்கு, அடுத்த வாரம் பாப்போம்" என்றான் அவன். அடுத்த வாரமும் லோடு இருந்தது.

ஆடி பாதியில் கிடாவின் புண் காய்ந்து பொருக்குத் தட்டியது. ஒரு காலையில் பார்க்கிறான், அதன்மேல் ஓர் ஈ கிடையாது. கருத்தப்பாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியாளா? ஒண்ணுகூட இல்ல, அம்புட்டும் ஓடிருச்சு!" என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினான். ஓடினது எங்கே என்று அந்த மடையன் யோசிக்கவில்லை.

கடைசி வெள்ளிக்கு முதல் நாள். கிடாவைக் குளிப்பாட்டி, மஞ்சள் தடவி, கழுத்தில் மாலை போட்டாயிற்று. யாருக்காக நேர்ந்ததோ அவர் கையால் கிடாவின் தலையைத் தொட்டு அனுப்புவது அவர்கள் வீட்டு வழக்கம். கிடாவைத் தகர அறைக்குள் இழுத்துப் போனான். "அய்யா, எந்திரிச்சு ஒக்காருங்க. ஒங்க கிடாவத் தொடுங்க" என்று சொல்லித் தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினான்.

முதுகோடு விரிப்பும் சேர்ந்து வந்தது. அடியிலிருந்து பச்சை ஈக்கள் கும்மென்று கிளம்பி அவன் முகத்தில் மோதின. இடுப்புக்கு மேலே, ஒரு கை அகலத்துக்கு, அய்யாவின் உடம்பில் புழு நெளிந்துகொண்டிருந்தது.

பொன்மணி போட்ட கூப்பாட்டில் தெருவே கூடிவிட்டது. கருத்தப்பாண்டி கத்தவில்லை. அய்யாவை அப்படியே தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். கிழவரோ விளங்குகிற கையை நீட்டிக் கிடாவின் தலையைத் தொட்டார். அப்புறம் அதன் காலைத் தடவிப் பார்த்தார். "ஆறிருச்சு" என்றார், திருப்தியாக.

ஆஸ்பத்திரியில் செல்வலட்சுமி என்கிற நர்ஸ் முகத்தைச் சுளிக்காமல் இடுக்கியால் ஒவ்வொரு புழுவாக எடுத்தாள். அவன் பக்கத்தில் நின்று, "பச்ச ஈ போட்டதும்மா. வாடையப் புடிச்சு வரும். மறுநாளே புழு வச்சிரும்" என்று ஒப்பித்தான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இம்புட்டு வெவரம் தெரிஞ்சிருக்கு. எப்படிண்ணே தெரியும்?"

"எங்க கிடாவுக்குப் புண்ணு வந்துச்சு."

"அதத் தெனமும் பாத்தீகளோ?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"இவர எப்பண்ணே கடைசியாப் பொரட்டிப் பாத்தீக?"

 சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு பெரிய ஆம்பிளை தேம்பித் தேம்பி அழுதான். ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஆடி முடிவதற்குள் ஊர்க்காவலன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

காரியம் முடிந்த மறுநாள், நாலு வீடு தள்ளியிருக்கிற ரத்தினசாமி வந்தார். அவருடைய ஆத்தா மூக்கம்மாளும் இடுப்பு முறிந்து படுக்கையில்தான் கிடக்கிறாள். கிடா மாலை வாடிய கழுத்தோடு மரத்தடியில் தழை தின்றுகொண்டிருந்தது.

"கருத்தப்பாண்டி, தப்பா நெனைக்காத. ஆத்தா எந்திரிச்சிட்டா இருக்கன்குடிக்குக் கிடா கொண்டாறேன்னு நானும் நேந்திருக்கேன். ஒன் கிடா இப்ப சும்மாதான நிக்குது. வெலைக்குக் குடேன்."

கருத்தப்பாண்டி கயிற்றை அவிழ்த்தான். ஆனால் கொடுக்கவில்லை, கையிலேயே சுற்றிக்கொண்டான்.

"ஒங்க ஆத்தா முதுகப் பாத்தீகளாண்ணே?"

"முதுகா? அதெல்லாம் பொம்பளைக பாத்துக்கிடுவாக."

"நானும் அப்படித்தான் இருந்தேன். சாமிக்கு விடுற கிடாவுல கொறை இருக்கக் கூடாதுன்னு அதுக்கு மருந்து போட்டேன். பெத்த தகப்பன் கொடிக்கயித்துக்கு அந்தப் பக்கம் அழுகிக் கெடந்தாரு. வாடை வந்துச்சுண்ணே, எனக்கும் வந்துச்சு. அந்த வாடையப் புடிச்சு ஈ அவருகிட்டப் போச்சு. மகன் நான் மூக்கப் பொத்திக்கிட்டு வாசலோட நின்னேன்."  "எந்தச் சாமியும் நம்மகிட்டக் கிடா கேக்கலண்ணே. படுக்கையில கெடக்குறவுகளத் தொட்டுப் பொரட்டிப் பாக்கச் சொல்லித்தான் நமக்குக் கை குடுத்திருக்கு. அத நாம செய்யாம வேண்டுதல் வச்சு என்ன புண்ணியம்? மொதல்ல போயி ஆத்தாவப் பொரட்டிப் பாருங்க. அப்புறம் வாங்க, கிடாவ நான் சும்மாவே தாறேன்."

 ரத்தினசாமி செருப்பைக்கூட மாட்டாமல் தன் வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தார்.