இரவல் வயது

குயென் குரங்கு வருஷத்தில் பிறந்தவள். அதனால் அவள் கட்டப்போகும் தொழிற்சாலைக்கு அவளே முதல் மண்ணை வெட்டக் கூடாது என்று ஒப்பந்தக்காரர் ஹுங் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இது புலி வருஷம் மேடம். குரங்குக்கு மூணு வருஷக் கண்டம், இது மொத வருஷம். நீங்க மண்வெட்டியத் தொட்டீங்கன்னா என் ஆளுங்கள்ல ஒருத்தனும் சாரம் ஏறமாட்டான்."

"சரி, நீங்களே வெட்டிடுங்க."

"நான் எலி. எனக்கும் அதே கண்டந்தான். கண்டமில்லாத ஆளாப் பாக்கணும். சும்மா வெட்டவும் முடியாது. எடத்தை அவருக்கு வித்ததா ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கணும், வேலை முடிஞ்சதும் திருப்பி வாங்கிக்கணும். வயச இரவல் வாங்கறதும்பாங்க. உங்க வீட்ல சொன்னதில்லையா?"

சொன்னதில்லை. ஏழு வயதில் பெற்றோரோடு படகேறிப் போய் மெல்போர்னில் வளர்ந்தவள் அவள். அப்பாவும் அம்மாவும் கடைசிவரை வாடகை வீட்டில்தான் இருந்தார்கள். ஒரு செங்கல் வைக்கும் தேவைகூட அவர்களுக்கு வந்ததில்லை. மருத்துவமனைக் கட்டில் செய்யும் நிறுவனம் அவளை வியட்நாமில் லாங் ஆன் மாகாணத்துக்கு அனுப்பியதே 'உங்கள் ஊர்தானே, உங்களுக்கு எல்லாம் தெரியும்' என்றுதான். வந்து எட்டு மாதம் ஆகியும் அவள் பேசும் வியட்நாம் மொழி அலுவலகப் பெண்களுக்குச் சிரிப்பாக இருந்தது. விமானத்தை அவள் இன்னும் 'ஆகாயக் கப்பல்' என்றாள். அப்பா அம்மா கொண்டுபோன பழைய வார்த்தைகளைத் தவிர அவளிடம் வேறு வார்த்தைகள் இல்லை.

வயது கொடுக்க முன்வந்தவர் லுவான். ரோட்டுக்கு எதிர்ப்புறம், மற்றத் தொழிற்சாலைக்காரர்களின் பைக்குகளை நிறுத்தி வைக்கும் கொட்டகை அவருடையது. இந்தத் தொழிற்பேட்டை வளாகம் முழுக்க வயலாக இருந்த காலத்தில், குயெனின் தொழிற்சாலை வரப்போகும் இடத்தில் ஒன்றரை ஏக்கர் அவருடையதாக இருந்தது.

"நான் பன்றி வருஷம். எழுபத்தொண்ணுல பொறந்தவன். எந்தக் கண்டமும் கிடையாது" என்றார். ஹுங் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "சுத்தமான வயசு மேடம்" என்று மகிழ்ந்துபோனார்.

சிவப்புத் தாளில் சீட்டு எழுதியாயிற்று. சித்திரை வெயிலில் சுட்ட பன்றி, புட்டரிசிச் சோறு, பழம், ஊதுவத்தி எல்லாம் படைத்து லுவான் முதல் மண்ணை வெட்டினார். குயென் அங்கே கண்ணில் படக் கூடாது. நெடுஞ்சாலையோரக் காபிக் கடையில், லாரிக்காரர்கள் படுக்கும் தூளியில் உட்கார்ந்து, ஐஸ் கரைந்த காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். தன் பொறுப்பில் வரப்போகும் கட்டடத்துக்குத் தான் ஒளிந்துகொள்வதா என்று எரிச்சலாக வந்தது. கூடவே, அங்கே என்ன நடக்கிறதோ என்று ஓடிப்போய் எட்டிப்பார்க்கவும் துடித்தது.

மறுநாளிலிருந்து லுவான் தினமும் வர ஆரம்பித்தார். காலை எட்டு மணிக்கு இலைத் தொப்பியோடு உள்ளே நுழைந்து, தூண் தூணாகச் சுற்றி, கழுத்தை அண்ணாந்து மேலே பார்ப்பார்.

"டேய், மொதலாளி வந்துட்டாருடா! சிகரெட்ட அணைங்கடா!" என்று மேலிருந்து ஒருவன் கத்துவான்.

"மொதலாளி, சம்பளம் ஏத்துங்க!" என்பான் இன்னொருவன்.

"மொதல்ல இடுப்புப் பட்டைய மாட்டுறா. அப்புறம் ஏத்தறேன்" என்பார் லுவான்.

குயெனுக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் தினமும் வருகிறவருக்கு அனுமதி அட்டை வேண்டும் என்பது விதி. ஜூன் மாதம் ஒருநாள் அலுவலகப் பெண் அவருடைய அடையாள அட்டையின் நகலை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். கையெழுத்துப் போடப் போன குயென் பிறந்த தேதியைப் பார்த்தாள். 1972, நவம்பர்.

கைபேசியில் தட்டிப் பார்த்தாள். எலி வருஷம். குரங்குக்கும் எலிக்கும் ஒரே கண்டம் என்று ஹுங் சொன்னது நினைவுக்கு வந்தது.

அதற்கென்ன, எனக்குத்தான் இதில் நம்பிக்கை இல்லையே என்று நகலை இழுப்பறைக்குள் தள்ளினாள். மதியம் துறைமுகத்திலிருந்து தகவல் வந்தது: மீதி இரும்பு உத்திரங்கள் பத்து நாள் தாமதம். மறுநாள் ஒருவனுக்குத் தகடு கிழித்து உள்ளங்கையில் நாலு தையல். அதற்கடுத்த வாரம் கிரேனின் கம்பி நழுவி, ஆள் இல்லாத இடமாகப் பார்த்து ஒரு உத்திரம் விழுந்தது. கட்டடம் என்றால் இதெல்லாம் நடக்கும். அவளுக்கே தெரியும். இருந்தும் சன்னல் பக்கம் போகும்போதெல்லாம் மேலே இருக்கும் ஆட்களை எண்ணினாள். பதினாலு பேர். கீழே இறங்கியதும் மறுபடி எண்ணினாள். நொய்ச் சோற்றுத் தட்டை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் எழுந்து போய் எட்டிப்பார்த்தாள். ஹுங்கிடம் சொன்னால் வேலை நின்றுவிடும். லுவானின் மானம் போய்விடும். சொல்லாமல் இருந்து எவனாவது விழுந்தால்?

அடுத்த வாரம் கூரை ஏற்ற வேண்டும். அதற்கும் லுவான்தான் படையல் போட்டு முதல் உத்திரத்தைத் தொட வேண்டும். குயென் அவரைப் பின்பக்கச் சுவரோரம் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நீங்க பன்றி வருஷமா?"

லுவான் தொப்பியைக் கழற்றினார்.

"தங்கச்சி, பன்றி வருஷம் எங்க அண்ணன். அவன் போய்ச் சேந்துட்டான். அவன் வருஷத்தைச் சொன்னேன்."

"எதுக்கு?"

"வளாகத்துக்காரங்க எடம் எடுத்தப்போ அறுப்புக்குப் பதினோரு நாள் பாக்கி. நான் ஆபீஸ்ல வரிசையில நின்னு கையெழுத்துப் போட்டுக்கிட்டிருந்தேன். திரும்பி வந்தா, மெஷின் எறங்கிப் பாதி வயல மிதிச்சிருச்சு. கதிர் முத்தி நின்னுது. ஒரு கைப்பிடி அறுக்க விடலை. வயசு வேணும்னு ஹுங் வந்து கேட்டப்போ, மறுபடி ஒரு தடவை இந்த மண்ணுல கை வைக்கலாமேன்னு தோணிச்சு. வாயில வந்துருச்சு."

"மேல பதினாலு பேர் ஏறுறாங்க அண்ணே!"

"தெரியாமலா தினமும் வரேன்? வீட்ல இருக்க முடியலைம்மா. எவன் பட்டை மாட்டலை, எவன் குடிச்சிருக்கான்னு பாத்துட்டுப் போனாத்தான் சோறு எறங்குது. மொதலாளின்னு கிண்டல் பண்றானுங்க. பண்ணட்டும்."

குயெனுக்கு வைது தீர்க்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த அதே பதினாலு பேரைத்தான் அவரும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நீங்க வெளிநாட்டுல வளந்தவங்க. உங்களுக்கு இதெல்லாம் நம்பிக்கை இல்லைன்னு ஹுங் சொன்னாரே?" என்றார் லுவான்.

"நம்பிக்கை இல்லைதான். ஆனா பயமா இருக்கு."

லுவான் தலையாட்டினார். "ஹுங்கோட மச்சான் நெசமான பன்றி. கூரைக்கு அவரை நிறுத்துங்க. எனக்கு ஒடம்பு முடியலை, சீட்டை அவர் பேருக்கு மாத்திட்டேன்னு சொல்லிடுங்க."

"அப்ப உங்களுக்கு…"

"மண்ணை வெட்டியாச்சுல்ல. போதும்."

ஹுங்கிடம் அவள் உடல்நலக் கதையைச் சொன்னாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார். "மேடம், நான் ஒண்ணு கேக்கவா? வேணாம், கேக்கலை" என்று சொல்லிவிட்டு மச்சானுக்குப் போன் போட்டார். சீட்டு மாற்றவும் நாள் பார்க்கவும் மூன்று நாள் ஓடின; அதுவரை வேலை நின்றது. அந்த மூன்று நாளும் குயென் வலைகளையும் இடுப்புப் பட்டைகளையும் ஒவ்வொன்றாக இழுத்து இழுத்துப் பார்த்தாள். ஆட்கள் முணுமுணுத்தார்கள்.

கூரை ஏறிய காலையில், இடத்துக்குச் சொந்தக்காரர்களாக இருந்த கண்டமுள்ள இருவரும் அங்கே இருக்க முடியாது; கூலிக்குக் கட்டும் ஹுங்குக்கு அந்தத் தடை இல்லை. லுவானின் வீட்டில், நிலம் இழந்தவர்களுக்குக் கொடுத்த மாற்றுக் குடியிருப்பின் குறுகலான முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். லுவானின் மனைவி மீன் குழம்பும் சோறும் வைத்தாள். யாரும் தொடவில்லை. மழை தூறியதும் இருவரும் ஒரே சமயத்தில் எழுந்து வாசலுக்கு வந்தார்கள்.

"வழுக்குமே" என்றாள் குயென்.

"எறக்கிடுவாரு. ஹுங் விவரமான ஆளு" என்றார் லுவான், செருப்பைத் தேடிக்கொண்டே.

"நீங்க போகக் கூடாது!"

"போகலை. சும்மா மாட்டிக்கிறேன்."

மழை பத்து நிமிடத்தில் விட்டது. பதினொன்றரைக்கு ஹுங்கின் குரல் போனில் கத்தியது: "ஏறிருச்சு மேடம்! அத்தனை பேரும் எறங்கிட்டாங்க!" லுவான் மாட்டியிருந்த செருப்பைக் கழற்றி வைத்தார். அவர் மனைவி, நடந்தது எதுவும் தெரியாமல், குழம்பு ஆறிப்போனதற்காக இருவரையும் திட்டினாள்.

செப்டம்பரில் கட்டில்கள் வெளிவர ஆரம்பித்தன. வாசல் காவலுக்கு வரும்படி குயென் லுவானைக் கேட்டாள். "அந்த மண்ணுல சம்பளத்துக்கு நிக்கமாட்டேன் தங்கச்சி, தப்பா நெனைக்காதே" என்று சொல்லிவிட்டு அவர் பைக்குகளுக்குச் சீட்டுக் கொடுக்கப் போனார். முன்புபோல உள்ளே வருவதில்லை. கூரையில் பழுது பார்க்க ஆள் ஏறினால் மட்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் எழுந்து நிற்பார்.

மெல்போர்ன் தலைமை அலுவலகத்திலிருந்து பிரெண்டன் கணக்கை முடிப்பதற்காகக் கேட்டிருந்தார்: ஜூலையில் மூன்று நாள் வேலை ஏன் நின்றது? குயென் யோசிக்காமல் 'உரிமையாளருக்கு உடல்நலமில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டாள். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: எந்த உரிமையாளர்?

அவள் ஒரு வரி எழுதினாள். அழித்தாள். இன்னொன்று எழுதி அதையும் அழித்தாள். வெளியே மேலே யாரோ சுத்தியலால் தட்டும் சத்தம் கேட்டது. கணினியை அப்படியே விட்டுவிட்டு, பட்டை மாட்டியிருக்கிறானா என்று பார்க்கப் போனாள்.