கார்த்திகேசுவின் டிரம்பெட் தண்ணீர்

கம்போங் மேடான் அடுக்குமாடி ஒன்றின் நான்காம் மாடியில், குழாய்த் தண்ணீர் நின்ற இரண்டாம் நாள் காலை பத்தேகால் மணிக்கு, கார்த்திகேசுவின் டிரம்பெட்டிலிருந்து ஒரு வாளி நிறையத் தண்ணீர் வந்தது. டிரம்பெட் ஊதுகிறவர்களுக்குத் தண்ணீர் புதிதில்லை. மூச்சின் ஈரம் பித்தளைக் குழாயில் பட்டுக் குளிர்ந்து வளைவில் தேங்கும். அங்கே தக்கை வைத்த சின்ன விசை ஒன்று இருக்கும். பாட்டுக்குப் பாட்டு அதை அழுத்தி நாலைந்து சொட்டை உதறிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். அன்று விசையை அழுத்தியபோது சொட்டு நிற்கவில்லை. கார்த்திகேசு முதலில் தரைத்துணியைப் போட்டார், பிறகு கிண்ணத்தை வைத்தார், பிறகு அவர் மனைவி உமா குளியலறையிலிருந்து காலி வாளியைத் தூக்கிவந்து வைத்தார். வாளி நிறைந்ததும் தண்ணீர் தானாக நின்றது. உமா கையில் ஏந்தி முகர்ந்து பார்த்து, குளோரின் வாடை இல்லை என்று சொல்லிவிட்டு அதில் அரிசி களைந்தார்.

மேலே ஆற்றில் யாரோ எதையோ கொட்டிவிட்டார்கள் என்று அந்த வாரம் சுத்திகரிப்பு நிலையத்தை மூடியிருந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரை குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தண்ணீர் லோரி வருகிறது என்று கைப்பேசியில் செய்தி வரும், லோரி வராது. அதனால் மதியத்துக்குள் கார்த்திகேசு வீட்டு வாசலிலிருந்து மூன்றாம் மாடி வரைக்கும் படிக்கட்டில் வாளிகள் நின்றன. சாவு வீட்டில் வாசிக்கும் மெதுவான மெட்டுக்கு ஒரு வாளி, கல்யாண மெட்டுக்கு அரை வாளி, பிறந்தநாள் பாட்டுக்கு ஒரு சொம்புகூடத் தேறாது என்பது மூன்றாம் நாளே எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. ஆகவே அந்த அடுக்குமாடியில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை சாவு மெட்டுதான். யாரும் அபசகுனம் என்று முகம் சுளிக்கவில்லை. எதிர்வீட்டு இராஜம்மா மட்டும் அது எச்சில் தண்ணீர், தொட மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டார். மூன்றாம் நாள் கக்கூஸ் கழுவ மட்டும் என்று ஒரு வாளி வாங்கினார். நான்காம் நாள் துணி அலச மட்டும் என்றார். ஐந்தாம் நாள் அவர் வீட்டில் சாம்பார் கொதித்தது, யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கீழே உணவகம் வைத்திருந்த சலாவுதீன் முறையாகச் செய்தார். சூரா என்ற தொழுகைக்கூடத்துக்குப் போய், அங்கே மார்க்கம் சொல்லும் உஸ்தாஸிடம் நடந்ததைச் சொல்லிக் கேட்டார். நிறமும் மணமும் சுவையும் மாறாத வரை தண்ணீர் தண்ணீர்தான் என்று பதில் வந்தது. அன்று மாலையே அவர் கடையில் தூக்கி ஆற்றும் தே தாரிக் டீ மறுபடியும் நுரைத்தது. பக்கத்துக் கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்ததால் டீக்கு நின்ற வரிசை பேருந்து நிறுத்தம் வரை போனது. டீ நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்கள்தான் அதிகம். இனிப்புக் கம்மி என்றவர்கள் வழக்கமாக அப்படிச் சொல்கிறவர்கள்.

இந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாது என்று உண்மையிலேயே உறுதியாக இருந்தவர் ஒருவர்தான். அவர் கிள்ளானில் இருந்த உமாவின் அம்மா அலமேலு. அவர் கணவர் ராமசுப்பிரமணியன் அங்கே லிட்டில் இந்தியாவில் பாத்திரக் கடை வைத்திருந்தார், மூன்று தலைமுறையாக வியாபாரக் குடும்பம். பத்து வருடங்களுக்கு முன் அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவர் இறந்தபோது ஊத வந்த பேண்டுக் குழுவில் கார்த்திகேசுவும் இருந்தார். வெயிலில் நின்றவருக்கு உமா ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார். அலமேலு வீட்டில் எல்லாரும் அண்ணாந்துதான் குடிப்பார்கள், தம்ளரின் விளிம்பு உதட்டில் படக்கூடாது. கார்த்திகேசுவுக்கு அது தெரியவில்லை. காலையிலிருந்து டிரம்பெட்டில் வைத்த வாயைத் தம்ளரிலும் வைத்துக் குடித்துவிட்டு நன்றி சொன்னார். அந்தத் தம்ளரை அலமேலு அன்றே பழைய சாமானோடு போட்டுவிட்டார். மறுவருடம் உமா கார்த்திகேசுவையே பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது, சாவு வீட்டில் ஊதுகிறவன் வீட்டுப் பச்சைத் தண்ணீர் தன் பல்லில் படாது என்று அலமேலு சொன்னார். ஒன்பது வருடமாக அந்தச் சொல்லைக் காப்பாற்றியும் வந்தார். கம்போங் மேடான் பக்கமே அவர் வந்ததில்லை. மருமகனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. உமாவுக்கு அது ஆறாத புண்ணாகத்தான் இருந்தது.

ராமசுப்பிரமணியன் மனைவியின் சொல்லை மீறுகிறவர் இல்லை. ஆனால் அதை எங்கே வளைக்கலாம் என்று தெரிந்தவர். மாதம் ஒருமுறை வந்து சலாவுதீன் கடையில் உட்காருவார், படியேற மாட்டார். உமா இறங்கி வந்து பேசிக்கொண்டிருப்பார். மேலே கார்த்திகேசு பழகும் சத்தம் கேட்கும். ஒரு டீ தீரும் வரை அதைக் கேட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். அதிலும் மெதுவான மெட்டு ஒன்று அவருக்குப் பிடிக்கும். அது தொடங்கினால் இன்னொரு டீ சொல்வார். தண்ணீர் நின்ற ஆறாம் நாளும் வந்தார். என்ன தண்ணீர் என்று தெரிந்தேதான் இரண்டு டீ குடித்தார். ஒரு பாட்டிலில் கொஞ்சம் பிடித்துக் கிள்ளானுக்கும் கொண்டுபோனார். மாடியிலிருந்து வந்த தண்ணீர், நல்ல தண்ணீர், ஒரு வாய் குடித்துப் பார் என்று மனைவியிடம் சொன்னார். அலமேலு பாட்டிலைத் திறந்து கறிவேப்பிலைச் செடியில் ஊற்றினார். ராமசுப்பிரமணியன் அந்தச் செடியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை கடைக்குப் போய், வாளி கேட்டு வந்தவருக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அவருக்கு எழுபத்து நான்கு வயது.

அவர்கள் குடும்பத்தில் உடலைக் குளிப்பாட்டும் முன் நீர்மாலை எடுப்பார்கள். மேளமோ பேண்டோ முன்னால் போக, துணிப் பந்தல் பிடித்து, தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் போய்க் குடங்களில் எடுத்து வருவார்கள். அன்று கிள்ளானில் எடுத்து வர எங்கேயும் தண்ணீர் இல்லை. ஆற்றுக்குப் போகலாம் என்று ஒருவர் சொன்னார், ஆற்றின் நாற்றம் தெரிந்தவர்கள் அவரை உட்கார வைத்தார்கள். டெங்கிலில் கிணறு வைத்திருந்த உறவினர் வேனில் ஏற்றி அனுப்பிய தண்ணீர் பூச்சோங் சாலை நெரிசலில் மாட்டி நின்றது. மின்சுடலையில் மூன்று மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். மணி ஒன்றாகிவிட்டது. வியர்வையோடு போன மனிதரைக் குளிப்பாட்டாமல் அனுப்புவதா என்று அலமேலு தலைமாட்டில் உட்கார்ந்து அழுதார். கொட்டிய பாட்டில் அவர் நெஞ்சை அறுத்தது.

உமா உள்ளே இருந்தார். கார்த்திகேசுவை யாரும் உள்ளே கூப்பிடாததால், தன் குழுவோடு வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகக் கேட்டுக்கு வெளியே மரத்தடியில் நின்றார். அவர் தொழிலில் அவர் நிற்கும் இடமும் அதுதான். ஒன்றேகாலுக்கு அலமேலு எழுந்தார். கூட்டம் வழிவிட, நேராகக் கேட்டுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எத்தன குடம் வரும்?"

ஒன்பது வருடத்தில் அவர் மருமகனிடம் கேட்ட முதல் கேள்வி அது. கார்த்திகேசு தொப்பியைக் கழற்றினார்.

"ஏழு வரும் அத்தை. மெதுவா வாசிச்சா ஒம்பது."

"மெதுவாவே வாசிங்க."

கடையிலிருந்து புதுப் பித்தளைக் குடங்கள் வந்தன. அவசரத்தில் ஸ்டிக்கரைக்கூட யாரும் உரிக்கவில்லை. கார்த்திகேசு மாமனாருக்குப் பிடித்த மெட்டையே எடுத்தார். மரத்தடியிலிருந்து வாசலுக்குப் பன்னிரண்டு அடிதான் என்றாலும் முறைப்படி துணிப் பந்தல் பிடித்தார்கள், குழு முன்னால் ஊதிக்கொண்டே போனது. ஒவ்வொரு குடத்துக்கும் ஒருமுறை போய் வந்தார்கள். ஏழாவது குடத்தில் அவர் உதடு வெடித்தது. எட்டாவதையும் ஒன்பதாவதையும் உதட்டோரத்தில் வைத்து ஊதி முடித்தார். தண்ணீரில் ரத்தம் கலக்கவில்லை, பக்கத்தில் நின்றவர்கள் பார்த்துச் சொன்னதுதான். ராமசுப்பிரமணியனை ஒன்பது குடத்தாலும் குளிப்பாட்டித் திருநீறு பூசி மூன்று மணிக்கு மின்சுடலையில் சேர்த்தார்கள். அலமேலு அன்று முழுதும் ஒரு மிடறும் குடிக்கவில்லை. அவருக்கென்று இவ்வளவு செய்தாயிற்று, நான் குடிக்க மாட்டேன் என்று சொன்னது அப்படியேதான் இருக்கிறது என்று உறவுக்காரப் பெண்ணிடம் சொன்னார்.

மறுநாள் குழாயில் தண்ணீர் வந்தது, முதலில் காபி நிறத்திலும் பிறகு சரியாகவும். அதே நேரத்தில் டிரம்பெட்டில் தண்ணீர் நின்றது. விசையை அழுத்தினால் பழையபடி நாலைந்து சொட்டுதான். உதடு ஆறியதும் கார்த்திகேசு வேலைக்குப் போனார். இராஜம்மா, தான் அந்தத் தண்ணீரைத் தொட்டதே இல்லை என்று மறுபடியும் சொல்லத் தொடங்கினார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து, காலை பதினொரு மணிக்கு அலமேலு கம்போங் மேடானுக்கு வந்தார். மின்தூக்கி வேலை செய்யவில்லை. நான்கு மாடியும் ஏறி, ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி, மகள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் தண்ணீர் கேட்டார். தம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக் குழாயைத் திறக்கப் போன உமாவை அலமேலு தடுத்தார்.

"பைப்புத் தண்ணி வேணாம்மா. மாப்பிள்ளைய ஊதச் சொல்லு."

கார்த்திகேசு சங்கடத்தோடு, குழாயில் வந்த அன்றைக்கே அது நின்றுபோயிற்று, இனி வராது என்று விளக்கினார். அலமேலு கேட்டுக்கொண்டார். நாற்காலியை விட்டு எழவில்லை. தான் அவசரமாகப் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை என்று மட்டும் சொன்னார். கார்த்திகேசு டிரம்பெட்டை எடுத்து அந்த மெட்டை வாசித்தார். விசையில் இரண்டு சொட்டு வந்தது. மறுபடியும் வாசித்தார், மூன்று சொட்டு. கீழே சலாவுதீன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். நான்காம் முறை வாசித்து முடித்தபோது விசையிலிருந்து நூல்போலத் தண்ணீர் இறங்கியது. உமா தம்ளரைப் பிடித்தார், அது நிறைந்ததும் நின்றது.

அலமேலு அதை வாங்கினார். வழக்கப்படி அண்ணாந்து தம்ளரைத் தூக்கினார். பிறகு கையை இறக்கி, தம்ளரை உதட்டில் வைத்துக் கடைசிச் சொட்டு வரை வாய் வைத்துக் குடித்தார். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்ளரை மருமகன் பக்கம் மறுபடியும் நீட்டினார்.

இரண்டாவது தம்ளர் நிறைய ஆறு நிமிடம் ஆயிற்று.