கறுப்படித்த தாள்

அந்த இலவசச் சட்ட உதவி மையத்தில் எல்லோரும் அவளைப் பைலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட எட்டு வயது மூத்த வக்கீலம்மாவும் அப்படித்தான். பாட்டரிக் கடைக்கு மேலே இரண்டு அறைகள், ஒரு ஜெராக்ஸ் மெஷின், சுவர் முழுக்க பைல்கள். பதினொரு வருடமாக அந்தப் பைல்களில் ஒரு தாள்கூடக் காணாமல் போனதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

காலை பத்தரை மணிக்கு, நேற்றைய தாள் ஒன்றைக் கிழிப்பதற்காக ட்ரேயிலிருந்து எடுத்தாள். கிழிக்கும் முன் பழக்கத்தில் பின்பக்கம் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

முன்பக்கம் திருப்பிப் பார்த்தாள், மறுபடி பின்பக்கம்.

வீட்டுக்காரனின் அடிக்குத் தப்பி ஒளிந்து வாழும் பெண்களின் வழக்குகளுக்கு அங்கே ஒரு முறை இருந்தது. அவர்கள் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பைல் நம்பர்தான் பெயர். அவர்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் எந்த எழுத்தையும் எதிர்த் தரப்புக்குப் போகும் நகலில் மறைத்துக்கொள்ள கோர்ட் அனுமதித்திருந்தது. மறைப்பதற்குத் தடித்த கறுப்பு மார்க்கர். ஆனால் மார்க்கர் அடித்த தாளை அப்படியே கொடுக்கக் கூடாது. அதை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸைத்தான் கொடுக்க வேண்டும். மார்க்கர் அடித்ததைக் கிழித்துவிட வேண்டும். இந்த முறையை ஏற்படுத்தியதே பைலக்காதான். மெஷினுக்கு மேலே எழுதி ஒட்டியிருந்ததும் அவள் கையெழுத்துதான்.

மார்க்கர் மை தாளின் பின்பக்கம் ஊறித் தெரியும். ஜெராக்ஸில் அது தெரியாது. கையில் இருந்தது ஜெராக்ஸ். அப்படியானால் மார்க்கர் அடித்த தாள் நேற்று மாலையே எதிர்த் தரப்புக்குப் போய்விட்டது. அவளே கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கி வந்திருந்தாள்.

பைல் நம்பர் முப்பத்தொன்று. மகள் ஒழுங்காகப் படிக்கிறாளா என்பதற்கு ஆதாரம் கேட்டிருந்தான் தகப்பன். பள்ளிக்கூடத்துச் சான்றிதழ் ஒன்றை ஏழாம் பக்கமாக வைத்திருந்தார்கள். அதன் தலைப்பில் பள்ளிக்கூடத்தின் பெயர், தெரு, போன் நம்பர். அதன்மேல்தான் அவள் கறுப்படித்தாள்.

ஒரு பழைய கடிதத்தை எடுத்து மார்க்கரால் இரண்டு முறை அழுத்தி அடித்தாள். ஜன்னல் பக்கம் போய்ச் சாய்த்துப் பிடித்தாள். கறுப்புக்குள் எழுத்துகள் பளபளத்தன. ஒவ்வொன்றாகப் படிக்க முடிந்தது.

"என்ன பைலக்கா, இன்னைக்கு யாரைக் கிழிக்கப் போறீங்க?" என்றான் சின்ன வக்கீல். வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. போன மாதம் ஒரு பெண்ணின் போன் நம்பரை மேசைமேல் திறந்து வைத்துவிட்டுப் போனதற்கு அவனை எல்லோர் முன்னாலும் வறுத்தெடுத்திருந்தாள். அவன் அதை மறக்கவில்லை, சிரிப்பாக்கி வைத்திருந்தான்.

"ஒண்ணும் இல்லப்பா. வேலையைப் பாரு."

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? டீ குடிக்கலையா?"

"குடிக்கல," என்றாள். ட்ரேயில் இருந்த ஜெராக்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "கோர்ட் வரைக்கும் போயிட்டு வர்றேன். அம்மா கேட்டா சொல்லு."

கோர்ட்டுக்கு அல்ல, முப்பத்தொன்றின் வீட்டுக்காரனுடைய வக்கீல் அலுவலகத்துக்குப் போனாள். முக்கால் மணி நேர நடை. அங்கே ஒரு கட்டு வந்தால் இரண்டு மூன்று நாள் பிரிக்காமல் கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். தாளை மாற்றி வைத்துவிட்டால் முடிந்தது. யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. வழி முழுக்க இதையே சொல்லிக்கொண்டு நடந்தாள்.

குமாஸ்தா தெரிந்தவர். "வாங்க மேடம். நேத்துதானே வந்தீங்க? எங்க ஆபீஸ் அவ்வளவு பிடிச்சுப்போச்சா?"

"ஒரு பக்கம் மங்கலா இருக்கு சார். நல்ல காப்பி கொண்டுவந்திருக்கேன். மாத்தி வச்சிடலாம்."

"அதுக்கா வெயில்ல வந்தீங்க. கட்டு எங்க கட்சிக்காரர்கிட்ட இருக்கு. காலையிலேயே வந்துட்டாரு, படிச்சுக்கிட்டு இருக்காரு."

ஜன்னலோரம் நாற்காலியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை. மடியில் அந்தக் கட்டு. பைலில் இருந்த கல்யாணப் போட்டோவில் பார்த்த முகம், கொஞ்சம் சதை போட்டிருந்தது. பைலுக்குள் அந்தப் போட்டோவை அடுத்து ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கும். இடது முழங்கை எலும்பு, இரண்டு இடத்தில் முறிவு.

பைக்குள்ளிருந்து ஜெராக்ஸை எடுத்துக்கொண்டாள். போய் நின்றாள்.

"சார், ஒரு பக்கம் மாத்தணும். ஏழாம் பக்கம்."

அவன் எழுந்து நின்றான். ஒரு பெண் நின்றுகொண்டிருக்கத் தான் உட்காரக் கூடாது என்பவனைப் போல. "நீங்க அந்த ஆபீஸாக்கா? உட்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேண்டாம் சார்."

அவன் நிதானமாகக் கட்டின் கயிற்றை அவிழ்த்தான். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி எண்ணினான். ஏழாவதை எடுத்து, ஓரங்களை நீவி, இரண்டு கையாலும் நீட்டினான். அதன் மேல்மூலை மடங்கியிருந்தது. மடித்தது அவனா, குமாஸ்தாவா, நேற்று அவளுடைய பைக்குள்ளேயே மடங்கியதா?

"பாப்பா ஒரு நாள்கூட லீவு போடலையாம்," என்றான். "சந்தோஷமா இருக்குக்கா. நல்லா பாத்துக்கிறீங்க எல்லாரும்."

சிரித்தான். அழகான சிரிப்பு. அவளும் என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்து வைத்தாள்.

தெருவுக்கு வந்ததும் ஒரு கடையின் ஷட்டரில் சாய்ந்துகொண்டாள். முதுகில் ஜாக்கெட் ஒட்டியிருந்தது. தாள் இப்போது அவள் பைக்குள் இருந்தது. எதிர் வக்கீலிடம் இருப்பது சரியான நகல். கிழித்துப் போட்டுவிட்டால் பதினொரு வருடம் பதினொரு வருடமாகவே இருக்கும். அவன் பார்த்திருக்க மாட்டான். பார்த்திருந்தால் அவ்வளவு மரியாதையாகத் திருப்பிக் கொடுப்பானா? தாளை எடுத்தாள். கிழிக்கத்தான் எடுத்தாள். உச்சி வெயில் அதன்மேல் விழுந்தது. சாய்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்தின் பெயர் முழுசாகத் தெரிந்தது.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான், என்று நினைத்துக்கொண்டாள்.

ஆபீஸ் படியேறும்போது மணி ஒன்று பத்து. வக்கீலம்மாவும் சின்ன வக்கீலும் ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பைலக்கா தாளை வக்கீலம்மாவின் டிபன் பாக்ஸ் பக்கத்தில் வைத்தாள்.

"முப்பத்தொண்ணுக்கு மார்க்கர் அடிச்ச தாளே போயிருச்சு. நான்தான். இப்போ வாங்கிட்டு வந்தேன். அவன் கையில இருந்துச்சு."

சின்ன வக்கீல் மெல்லுவதை நிறுத்தினான். அவன் முகத்தில் கேலி இல்லை. அது இருந்திருந்தால் தேவலை என்று பட்டது அவளுக்கு.

வக்கீலம்மா கையைக் கழுவவில்லை. இடது கையால் தாளைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தார். "காலையில எத்தனை மணிக்குத் தெரியும்?"

"பத்தரை."

"இப்போ ஒண்ணு பத்து."

வக்கீலம்மா டிபன் பாக்ஸை மூடினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். "ஸ்கூல் எப்போ விடும்?"

"மூணரைக்கு."

பிள்ளையை நெருங்கக் கூடாது என்று அவனுக்கு கோர்ட் உத்தரவு இருந்தது. வக்கீலம்மா முதலில் ஸ்டேஷனுக்குப் பேசினார். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை. பிறகு முப்பத்தொன்றுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். பின்னணியில் தையல் மெஷின்களின் சத்தம் கேட்டது. வக்கீலம்மா நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார்.

"பைலக்கா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கேன்மா."

"பாத்துட்டானா?"

"தெரியலம்மா. படிச்ச மாதிரியும் இருக்கு, படிக்காத மாதிரியும் இருக்கு."

"கத்தினானா?"

"இல்லம்மா. எழுந்து நின்னு பேசினாரு. தண்ணி வேணுமான்னு கேட்டாரு. அக்கான்னு கூப்பிட்டாரு."

"சிரிச்சானா?"

"சிரிச்சாரு."

"அப்போ பாத்துட்டான்," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "ஒண்ணும் கிடைக்கலன்னாதான் அவன் கத்துவான்."

போனில் அவள்தான் மறுபடி பேசினாள். "நான் போனா என்னையும் சேர்த்துப் பிடிப்பான். நீங்களே போங்கக்கா. உங்க பேரும் லிஸ்ட்ல இருக்கு."

பிள்ளையை யாரிடம் அனுப்பலாம் என்று பள்ளிக்கூடத்தில் கொடுத்த பட்டியலில் இரண்டே பேர். தாய், பைலக்கா. அந்தப் பட்டியலையும் பைலக்காதான் எழுதிக் கொடுத்திருந்தாள்.

சின்ன வக்கீல் பைக் சாவியை எடுத்துவிட்டான். "நான் போய் அவங்களைக் கூட்டிட்டு நேரா புது இடத்துக்குப் போயிடறேன். நீங்க பாப்பாவோட அங்க வந்துடுங்க." வாசலில் நின்று திரும்பினான். "அக்கா, ஆட்டோவை ஸ்கூல் வாசல்ல நிறுத்தாதீங்க. பின்னாடி ஒரு கேட் இருக்கும்."

மற்ற நாளில் அவள் அவனுக்குச் சொல்லித்தருவாள்; அன்றைக்கு அவளுக்கே சொல்லித்தர வேண்டியிருந்தது.

பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை பட்டியலைப் பார்த்து, அடையாள அட்டையைப் பார்த்து, மறுபடி பட்டியலைப் பார்த்தார். ஒவ்வொரு முறை கண்ணாடியைச் சரிசெய்தபோதும் பைலக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு முப்பத்தைந்து. இரண்டு நாற்பத்தொன்று. பிள்ளை புத்தகப் பையோடு வந்து நின்றாள். எட்டு வயது. பேனா மை பட்ட விரல்.

"கடைசி பீரியட் டிராயிங் ஆன்ட்டி. முடிச்சிட்டு வரட்டுமா?"

"இல்லடா கண்ணு. அம்மா காத்துக்கிட்டு இருக்காங்க."

"இங்கதானே வருவாங்க?"

"இன்னைக்கு நாம போறோம்."

"மறுபடியும் வேற வீடா?"

பைலக்கா அவளுடைய புத்தகப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். பிள்ளை திரும்பக் கேட்கவில்லை. அந்தக் கேட்காமை அவளை அறுத்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை நான்கு மாதம் படித்திருந்தாள், ஒரு நாள்கூட லீவு போடாமல்.

பின்பக்கக் கேட் வழியாக வெளியே வந்தார்கள். ஆட்டோ காத்திருந்தது. சந்து குறுகலாக இருந்ததால் திருப்ப முடியவில்லை. முன்பக்கத் தெருவைத் தொட்டுத்தான் போக வேண்டும் என்றான் ஆட்டோக்காரன். பைலக்கா பிள்ளையை உள்பக்கம் தள்ளி உட்காரவைத்து, தானே ஓரத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முனை திரும்பியதும் பார்த்தாள்.

பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே ஸ்டேஷனரிக் கடை. அதன் முன்னால் இஸ்திரி போட்ட சட்டை. கடைக்காரன் காட்டிய இரண்டு பென்சில் பாக்ஸ்களில் எது நல்லது என்று கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவசரமே இல்லை. மணி மூன்றுகூட ஆகவில்லை. போலீஸ் யாரையும் காணோம்.

ஆட்டோவுக்கு முன்னால் ஒரு லாரி. நின்றுவிட்டது.

"ஷூ லேஸைக் கட்டு," என்றாள் பைலக்கா.

"கட்டித்தான் ஆன்ட்டி இருக்கு."

"அவுத்துக் கட்டு. குனிஞ்சு கட்டு."

பிள்ளை குனிந்தாள். பைலக்கா அவள் முதுகின்மேல் தன் பையை வைத்து, பையின்மேல் முந்தானையை இழுத்துப் போட்டாள். முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இன்று காலை அவன் பார்த்த முகம். கடையில் சில்லறை எண்ணும் சத்தம் கேட்கும் தூரம்தான். லாரி நகர்ந்தது. ஆட்டோ குலுங்கி முன்னேறியது. கடை பின்னால் போனது, பள்ளிக்கூடம் பின்னால் போனது.

"கட்டிட்டேன்," என்றாள் பிள்ளை, குனிந்தபடியே.

"இன்னொன்னையும் அவுத்துக் கட்டு," என்றாள் பைலக்கா. அவள் கை பிள்ளையின் முதுகிலிருந்து எழவில்லை.