வீட்டில் ஒரு சுத்தமான பேர்

லிஃப்ட் மெக்கானிக்கிடம் நாலு கிரெடிட் கார்டு இருந்தது. நாலும் மனைவி கண்ணில் படாமல், டூல் பையில் பழைய ஃபியூஸ் டப்பாவுக்குள் குடித்தனம் நடத்தின. மகளின் பல் கம்பிக்கு ஒன்று, காலேஜ் ஃபீஸுக்கு ஒன்று. அந்த இரண்டுக்கும் தவணை கட்ட மற்ற இரண்டு!

நாலையும் ஒரே கடனாக்கினால் தவணை பாதியாகும் என்று கேள்விப்பட்டார். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? மோட்டார் பாகம் வாங்க ஆறு கடையில் விலை கேட்பவர், அதே பழக்கத்தில் ஒரே மத்தியானம் ஆறு வங்கியில் மனுப் போட்டுவிட்டார்.

"ஆறு பேங்குலயும் உங்க கடன் கணக்கை எடுத்துப் பாத்திருக்காங்க சார். அதுலயே உங்க கிரெடிட் ஸ்கோர் இறங்கிடுச்சு, கடன் கெடைக்காது," என்றாள் ஆறாவது வங்கியில் இருந்த பெண்.

"பாத்ததுக்கேவாம்மா?"

"ஆமா சார். கார்டுலயும் லிமிட் வரைக்கும் மொத்தமா இழுத்துட்டீங்க. லிமிட்டைக் கூட்டி வாங்குங்க, ஸ்கோர் ஏறும்."

கார்டு கம்பெனிக்குப் போன் போட்டார். அரை மணி நேரம் பாட்டுக் கேட்டபின் பதில் வந்தது. ஸ்கோர் குறைவு, லிமிட் கூட்ட முடியாது. கூட்டினால் ஏறுமாம், ஏறினால்தான் கூட்டுவார்களாம். நல்ல நியாயம்! அவருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

திரும்பப் போய்ச் சொன்னபோது அந்த வங்கிப் பெண்ணுக்கே மனசு கேட்கவில்லை. "வீட்டம்மாவையும் சேத்து மனுப் போடுங்க சார். அவங்க பேர் சுத்தமா இருந்தா கெடச்சிடும்."

வெள்ளிக்கிழமை தவணை தவறினால் வசூல்காரன் வீட்டு வாசலில் வந்து நிற்பான். ஆனால் மனைவியிடம் எந்த முகத்தோடு சொல்வது? துணிக்கடையில் ஆல்டரேஷன் தைப்பவள். மளிகைக் கடையில்கூட ஒரு நாள் பாக்கி வைக்காதவள்.

சாயங்காலம் ஃபியூஸ் டப்பாவை அவள் முன்னால் கவிழ்த்து, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். திட்டுவாள், அழுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவளோ எழுந்து போய்ப் பட்டன் டப்பாவை எடுத்து வந்தாள். பட்டன்களுக்கு அடியிலிருந்து மூன்று கார்டுகளை எடுத்து, அவருடைய நாலு கார்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சம்பளம் லேட்டு, சம்பளம் லேட்டுன்னு சொல்லுவீங்களே, அப்பல்லாம் வீட்டை எதை வெச்சு ஓட்டுனேன்னு நெனச்சீங்க?"

அவர் மூன்று கார்டையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"நேத்து நானும் ஒரு பேங்குக்குப் போனேங்க. புருஷனையும் சேத்துக்கங்கன்னாங்க." அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அவருக்குக் கடன்னாலே ஆகாது, அவர் பேர் தங்கம்னு பெருமையா சொல்லிட்டு வந்துட்டேனே!"