ஒற்றைக் கோடு

அந்த நாவலை எழுதி முடிக்க அவளுக்கு ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் ஆனது. உத்தேசக் கணக்கு அல்ல, ஆய்வகத்துப் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்து எடுத்தது.

குடிநீரைப் பரிசோதிக்கும் ஆய்வகம் அது. அங்கே ஆட்டோகிளேவ் என்று ஒன்று உண்டு. ஆளுயரப் பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணாடிக் குடுவைகள் அதற்குள் போய், நீராவியில் வெந்து, கிருமி நீங்கி வெளியே வரும். ஒரு முறை ஓட நாற்பத்தெட்டு நிமிடம். அது ஓடி முடிகிறவரை யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுத்தம் காட்டும் முள்ளைக் கவனிக்க வேண்டும். அந்தச் சின்ன அறையின் வெக்கையில் உட்கார ஒருவருக்கும் மனசு வராது. அவள் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆறு வருடத்தில் ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு முறை. ஒவ்வொரு முறையும் மடியில் ஒரு நோட்டு.

"உள்ள என்னடி தவமா பண்றே?" என்பாள் கூட வேலை பார்ப்பவள். "ஒருநாள் நீயும் வெந்துதான் வெளிய வரப்போறே."

"முள்ளு பாக்குறேன்."

பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. பேச்சில் அவள் எப்போதும் அப்படித்தான், பாதியைத் தொண்டையிலேயே வைத்துக்கொள்வாள். சின்ன வயதில் வீட்டில் வாயில்லாப்பூச்சி என்று வைத்த பெயர், கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேய்ந்து பூச்சி ஆகிவிட்டது. முப்பத்தொரு வயதிலும் பூச்சிதான்.

வேலையில் சேர்ந்த முதல் நாள் ஆய்வக மேடம் ஒரு விதி சொன்னார். "தப்பா எழுதிட்டா கிறுக்கக் கூடாது, அழிக்கக் கூடாது. நடுவுல ஒரே ஒரு கோடு. பக்கத்துல கையெழுத்து, தேதி. நீ என்ன தப்புப் பண்ணினேன்னு நாளைக்கு ஒருத்தர் படிக்க முடியணும்." அது கையில் ஊறிவிட்டது. நாவலையும் அப்படியே எழுதினாள். வேண்டாத வரிக்கு ஸ்கேல் வைத்து ஒற்றைக் கோடு, குட்டிக் கையெழுத்து, தேதி. ஒன்பது நோட்டில் அறுபத்தொரு இடம்.

ஒன்பது நோட்டையும் டைப் அடிக்கக் கொடுத்தாள். பதிப்பாளர் திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் திருத்திய பிரதி வேண்டும் என்றிருந்தார். பின்னட்டைக்கு இரண்டு வரியும் கேட்டிருந்தார். "ஏன் எழுத வந்தேன்னு சும்மா ரெண்டு வரி எழுதிக் கொடுங்கம்மா." மூன்று வாரமாக அந்த இரண்டு வரிதான் வரவில்லை.

சனிக்கிழமை மதியம் டைப் கடை அண்ணன் போன் செய்தார்.

"எல்லாம் முடிஞ்சுதும்மா. ஒரு வரி விடல. நீங்க கையெழுத்துப் போட்டதையெல்லாம் பத்திரமா சேர்த்துட்டேன்."

"எதை?"

"கோடு போட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தீங்களே, அறுபது எடம் இருக்கும். அதெல்லாம்."

"அண்ணே, அது அடிச்சது. வேண்டாம்னு அடிச்சது."

"அடிச்சதா? என்னம்மா நீங்க! முப்பது வருஷமா டைப் அடிக்கிறேன், அடிக்கிறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? தாள் கிழியுற வரைக்கும் கிறுக்கி வெப்பாங்க. நீங்க எல்லாம் படிக்கிற மாதிரி விட்டு, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டிருக்கீங்க. சரின்னு ஒப்புதல் கொடுத்திருக்கீங்கன்னுல்ல நினைச்சேன்!"

"நான் இப்ப வந்து பிரதியை வாங்கிக்கிறேன்."

"அதுக்கு அவசியமே இல்ல. பக்கத்து மருந்துக்கடையில வேலை பாக்குற உங்க அக்காகிட்டயே கொடுத்துட்டேன். எனக்குத்தான் முதல்ல படிக்க உரிமைன்னு கையிலேர்ந்து பிடுங்கிட்டுப் போயிட்டாங்க."

உரிமை என்று அக்கா சொன்னதில் தப்பில்லை. இருபத்தொரு வருடத்து உரிமை அது.

அறுபத்தொன்றில் அறுபது ஒன்றுமில்லாதவை. மழையைப் பற்றி அதிகப்படியாய் எழுதியது, ஒரே உவமை இரண்டு தடவை வந்தது, அந்த மாதிரி. மீதி ஒன்று இரண்டாவது நோட்டில் இருந்தது. பதிவேட்டுக் கணக்கில் இருநூற்றுப் பதினாலாம் முறை ஆட்டோகிளேவ் ஓடும்போது எழுதியது. இருநூற்றுப் பதினைந்தாம் முறையில் அடித்தது.

இருபத்தொரு வருடத்துக்கு முன்னால் நடந்தது அது. அவளுக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினாலு. சமையலறையில் ஒரு மர ஸ்டூல் இருந்தது. நாலு காலில் ஒன்று குட்டை. அதனால் அந்தக் காலுக்கு அடியில் எப்போதும் ஒரு தாளை மடித்து வைத்திருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பரணில் இருந்து பெட்டி எடுக்க அக்கா அதில் ஏறினாள். தாள் இல்லை. ஸ்டூல் ஆடியது. அக்கா பெட்டியோடு கீழே விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு.

ஆஸ்பத்திரி நடையிலேயே அம்மா சொல்லிவிட்டாள். "காலையில நான்தான் பெருக்கினேன். துடைப்பத்தோட தாளும் போயிருக்கும். என் கண்ணு எங்க போச்சோ." யாரும் அவளைக் கேட்கவில்லை, தானாகவே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

பூச்சி பக்கத்தில்தான் நின்றாள். தாள் துடைப்பத்தோடு போகவில்லை என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தாள். அதற்குள் டாக்டர் கூப்பிட்டார்.

முப்பத்தேழு நாள் அக்கா மாவுக்கட்டோடு முன்னறைக் கட்டிலில் கிடந்தாள். பார்க்க அவளுக்கு இருந்ததெல்லாம் கூரைதான். அதனால் பூச்சி அந்தக் கூரையிலேயே ஒரு ஊர் கட்டினாள். அங்கே எல்லோரும் தலைகீழாக நடப்பார்கள். மின்விசிறிதான் அவர்களுக்கு ராட்டினம். மூலையில் இருந்த ஈரக்கறை அவர்களுடைய கடல். பல்லிதான் ஊர்த் தலைவர், அவருக்கு வால் போன கவலை. தினம் ஒரு பக்கம் எழுதி, பள்ளிக்கூடம் கிளம்பும்போது அக்காவின் தலையணைக்கு அடியில் செருகிவிட்டுப் போவாள். முதல் பக்கம் மட்டும் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம். மற்றதெல்லாம் பள்ளி நோட்டில் கிழித்தவை. வழக்கமாக நோட்டில் ஒரு தாள் குறைந்தாலும் அம்மா எண்ணிக் கண்டுபிடித்து முதுகில் ஒன்று வைப்பாள். அந்த முப்பத்தேழு நாளும் வீட்டில் யாரும் எதையும் எண்ணவில்லை.

சாயங்காலம் வந்து பார்த்தால் பக்கத்தின் அடியில் பென்சிலால் ஒரே சொல் இருக்கும். அப்புறம்?

பாராட்டு கிடையாது, நன்றி கிடையாது. அந்த ஒரு சொல்தான். அதைப் படித்ததும் அடுத்த தாளைக் கிழிப்பாள். நாளைக்குப் பல்லியை எங்கே அனுப்புவது என்று கணக்கு வகுப்பு முழுக்க யோசிப்பாள். ஒருநாள் ஒன்றும் தோன்றாமல் இரண்டே வரி எழுதி வைத்தாள். அன்றைக்கு மட்டும் அடியில் வேறு மாதிரி எழுதியிருந்தது: கஞ்சப்பிசினாறி.

பன்னிரண்டாம் நாள் அக்கா காலையிலிருந்து அழுதுகொண்டே இருந்தாளாம். அம்மா சாப்பாட்டோடு போனபோது முன்னறையில் சிரிப்புச் சத்தம். பல்லித் தலைவர் ராட்டினத்தில் ஏறி மயங்கி விழுந்த பக்கம் அது. "பைத்தியம் பிடிச்சிடுச்சோன்னு பயந்துட்டேன்" என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். பிற்பாடு பூச்சிக்கு நூல்கள் வாசிக்கக் கிடைத்தன, பட்டம் கிடைத்தது, வேலை கிடைத்தது. கதவுக்கு வெளியே நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கலாமே என்ற ஏக்கம் மட்டும் போகவே இல்லை.

கட்டுப் பிரிக்கட்டும், சொல்லிவிடலாம் என்று இருந்தாள். பிரித்தார்கள். நடக்க ஆரம்பிக்கட்டும் என்று இருந்தாள். அக்கா நடந்தாள், ஆனால் ஒரு கால் ஒன்றேகால் சென்டிமீட்டர் குறைந்துவிட்டது. "நானும் ஸ்டூலும் ஒரே சாதி" என்று அக்காவே சொல்லிச் சிரிப்பாள். அம்மா சிரிக்க மாட்டாள். எழுந்து உள்ளே போய்விடுவாள். அந்த ஸ்டூலை அவள் தூக்கிப் போடவும் இல்லை, யாரையும் ஏற விடவும் இல்லை.

முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு அறையோடு போயிருக்கும். வருடம் ஏற ஏறச் சொல்ல முடியாமல் போய்விட்டது. சரி, நாவலில் சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தாள். முந்நூறு பக்கம் எழுதினாள். இரண்டு பெண்கள், ஒரு வீடு, ஒரு விழுதல் எல்லாம் வந்தது. அந்த ஒன்று மட்டும் வந்து, மறுநாளே கோடு வாங்கிக்கொண்டது. இப்போது பிரதியிலும் அதை அடித்துவிட்டால் அம்மா துடைப்பத்தைத் தலையில் சுமந்துகொண்டே இருப்பாள். விட்டுவைத்தால், பெற்ற மகள் சொல்லாததை அம்மா அச்சுப் புத்தகத்தில் விரல் வைத்துப் படித்துத் தெரிந்துகொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மாடிப்படியில் சத்தம் கேட்டது. ஒரு அடி கனமாக, ஒரு அடி லேசாக. இரண்டு தெரு தள்ளி இருக்கும் அக்கா வாராவாரம் வருகிற நேரம். கையில் துணிப்பை, பைக்குள் பிரதி.

"ஏண்டி பூச்சி, உன் புத்தகத்துல அந்தப் பெரியவ இவ்ளோ வாயாடியா இருக்காளே, யாருடி அது?"

"கொஞ்சம் குறைச்சுத்தான்க்கா எழுதினேன்."

"பாத்தியாம்மா! அச்சுல வரப்போகுதுன்னதும் பூச்சிக்குக் கொடுக்கு முளைச்சிடுச்சு."

அம்மா தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "மூணு டீ போடு முதல்ல" என்றாள். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை நீட்டிக்கொண்டு, பிரதியை மேசையில் வைத்தாள். முந்நூறு பக்கத்தையும் படித்திருந்தாள். எழுத்துப் பிழைகளைச் சுழித்திருந்தாள். இரண்டு இடத்தில் "இப்படியெல்லாம் நான் பேசவே மாட்டேன்" என்று எழுதியிருந்தாள்.

பூச்சி டீயை வைத்துவிட்டு, ஒன்றும் அவசரம் இல்லாதவள் போலப் பக்கங்களைப் புரட்டினாள். நாற்பத்து மூன்றாம் பக்கம். கோடில்லாமல், கையெழுத்தில்லாமல், கறுப்பு எழுத்தில் பளிச்சென்று இருந்தது.

'தாளைத் துடைப்பம் தள்ளவில்லை. அது குப்பைக்குப் போகவில்லை. அது எங்கே இருந்தது என்று சின்னவளுக்குத் தெரியும்.'

அதற்குக் கீழே பென்சிலால் ஒரே சொல்.

அப்புறம்?

அதே சாய்வு, வயிறு பெருத்த அதே கேள்விக்குறி. நிமிர்ந்து பார்த்தாள். அக்கா டீயை ஊதிக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. கட்டிலில் கிடந்தபடி அடுத்த பக்கத்துக்குக் காத்திருக்கும் பதினாலு வயது முகம்தான் இருந்தது.

பூச்சி மேசையில் இருந்த ஸ்கேலை எடுத்தாள். பேனாவைத் திறந்து, முதல் வரியின் மேல் ஸ்கேலை வைத்தாள். ஒற்றைக் கோடு, கையெழுத்து, தேதி. பத்து விநாடி வேலை. நாளைக்கு அச்சகத்துக்குப் போய்விடும். அக்கா ஒன்றும் கேட்க மாட்டாள். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள்.

"என்ன ரெண்டு பேரும் ஊமையா உக்காந்திருக்கீங்க?" என்றாள் அம்மா. "எந்தப் பக்கம் அது?"

"நான் விழுந்த பக்கம்மா" என்றாள் அக்கா.

அம்மாவின் கத்தி நின்றது. பிறகு மறுபடி ஓடியது. "என் துடைப்பத்தையும் எழுதிட்டியா? எழுது, எழுது. பெத்த பொண்ணு காலை உடைச்சவன்னு ஊரே தெரிஞ்சுக்கட்டும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லிவிட்டு, நறுக்கிய பீன்ஸையே திரும்ப நறுக்கினாள்.

பூச்சி ஸ்கேலை எடுத்துவிட்டாள். பேனாவை மூடி வைத்தாள். ஆட்டோகிளேவின் முள் சிவப்புக் கோட்டைத் தொடும்போது வால்வு திறந்து ஒரு பெருமூச்சு வரும். அப்படி ஒன்று அவள் நெஞ்சிலிருந்து வந்தது.

"உன் துடைப்பம் இல்லம்மா."

அம்மா நிமிர்ந்தாள்.

"அப்புறம்?" என்றாள் அக்கா, மெதுவாக.

"ஸ்டூல் காலுக்கு அடியில இருந்த தாளை உருவினது நான்தான். காலண்டர் தாள், பின்பக்கம் வெள்ளையா இருந்துச்சு. கதை எழுத எனக்கு வேற தாள் இல்ல."