ராசா வீட்டு அம்மை

பேட்டையில் அகமது மீரானின் வெள்ளிப் பட்டறைக்குள் இஞ்ஞாசியம்மாள் நுழைந்தபோது, வாசலில் வாடகைக் கார் அணையாமல் உறுமிக்கொண்டிருந்தது. புன்னைக்காயலிலிருந்து திருவனந்தபுரம் விமானத்துக்குப் போகிற வழி. கூட வந்த மகள் ஆன்லினுக்கு மஸ்கட்டில் நர்ஸ் வேலை.

"அண்ணாச்சி, இந்த மாதா பதக்கத்துல ஒரு தொளை போட்டுத் தாங்க. மவ கழுத்துல போடணும். இவ அப்பா உப்பளத்து மண்ணுல கண்டெடுத்தது. பதிமூணு வருசமா பீடத்துல வச்சுப் பூப் போடுதேன்."

மீரான் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். அரியணையில் ஒரு பெண். ஒரு கையில் கோல், மறு கையில் இலைக்கிளை. திருப்பினால் இலைமாலை சூடிய ராஜா, கன்னத்தில் உளி வெட்டு. ரோமாபுரி வெள்ளிக்காசு! பழங்காசு சேர்க்கிற அவர் இருபது வருடமாகப் படத்தில் மட்டும் பார்த்து ஏங்கியது.

இழுப்பறையில் புது மாதா பதக்கங்கள் கிடந்தன. 'இது தேஞ்சு போச்சு, புதுசு தாரேன்' என்றால் போதும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அந்த அம்மாளோ காசு வைத்திருந்த கைக்குட்டையை பயபக்தியோடு மடித்துக்கொண்டிருந்தாள். படைத்தவன் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான்?

"தாயி, இது மாதா இல்ல. ரெண்டாயிரம் வருசத்து ரோமாபுரிக் காசு. தொளை போட்டா பாழாப் போகும்."

இஞ்ஞாசியம்மாள் முகம் சுருங்கியது. "அப்போ இங்கன உக்காந்திருக்கது யாரு?"

"ராசாவோட அம்மைன்னு சொல்லுதாக."

"மறுபக்கத்துல இந்த மூக்கன்?"

"அவருதான் ராசா. உங்க யேசு இருந்த காலத்து ஆளு. அப்பமே நம்பாத எவனோ, உள்ளயும் வெள்ளிதானான்னு கன்னத்துல வெட்டிப் பாத்துருக்கான்."

ஆன்லின் வெடித்துச் சிரித்தாள். "எம்மா, பதிமூணு வருசமா ராசா வீட்டு அம்மைக்கா மெழுகுவத்தி ஏத்துன?"

"சும்மா கெடளா! மாதா கோவிச்சுக்கிடுவாளோ, அண்ணாச்சி?"

"மர்யம் அம்மா கோவிக்க மாட்டாக. நீங்க யாரை நெனச்சுக் கூப்பிட்டியன்னு அவுகளுக்குத் தெரியாதா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளும் சிரித்துவிட்டாள்.

மீரான் ஒரு மாதா பதக்கத்தை எடுத்துச் சங்கிலியில் கோத்தார். "புள்ளைக்கு என் கணக்குல. பழங்காசை வெளிநாடு கொண்டுபோகக் கூடாது. பாளையங்கோட்டை மியூசியத்துல குடுத்தா எல்லாரும் பாப்பாக."

கார்க்காரர் ஹாரன் அடித்தார். இஞ்ஞாசியம்மாள் காசை மீரானின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"நாளைக்கு நான் திரும்பி வந்ததும் சேந்து போய்க் குடுப்போம். அதுவரை உங்ககிட்டயே இருக்கட்டும்."

"என்னை நம்பியா?"

"பொறவு? மாதா இல்லன்னு சொன்னவுக நீங்கதான!"

அன்று மீரான் பூதக்கண்ணாடியைக் கீழே வைக்கவே இல்லை; பட்டறையில் வேறு எந்த வேலையும் நடக்கவில்லை.