முப்பத்தாறாவது படம்

பழைய பட்டுப்புடவை வாங்குகிறவன் நான். கிழிந்தது, சாயம் போனது, மாமியார் செத்த பிறகு பெட்டியில் மடிந்து கிடப்பது, எதுவானாலும் சரி, ஜரிகையில் வெள்ளி இருந்தால் எனக்கு வேண்டும். காஞ்சிபுரத்தில் முப்பது வருடமாக இதுதான் பிழைப்பு. இந்தத் தொழிலில் ஒரே ஒரு சட்டம்: பொருள் கண்ணைவிட்டு மறையக் கூடாது. புடவையைக் கையில் வாங்கிக்கொண்டு, உள்ளே போய் உரசிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒருவன் திரைக்குப் பின்னால் போனால், திரும்பி வருவது அதே புடவையாக இருக்கலாம், அதே ஜரிகையாக இருக்காது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், இளவயதில் அந்தத் திரைக்குப் பின்னால் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தவன் நானேதான்.

அந்தச் சட்டம் போன மாசி வரைக்கும் என்னைக் கைவிட்டதில்லை.

பிரியதர்ஷினி எங்களுக்கு ஒரே பெண். சென்னையில் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். கார்த்திகையில் டெங்குக் காய்ச்சல் வந்து ஆறே நாளில் போய்விட்டாள். வயது பத்தொன்பது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு வராது.

தை மாதம் ஹாஸ்டலிலிருந்து அவள் பை வந்தது. உள்ளே துணிமணிக்கு நடுவில், ஒரு துவாலையில் சுற்றி, அந்தக் காமிரா. பிலிம் போட்டு எடுக்கிற பழங்காலத்துக் காமிரா, என் மகளைவிட வயதில் மூத்தது. ஆவணியில் அதை வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தபோது நான் போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

"போன்ல காமிரா இல்லியா? எவனோ தூக்கிப் போட்ட ஓட்டை உடைசலை வாங்கினு வந்து நிக்கிறியே. நல்லா ஏமாத்திட்டான் உன்னை."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "போன்ல ஆயிரம் எடுக்கலாம்பா, ஒண்ணையும் திரும்பப் பார்க்க மாட்டோம். இதுல முப்பத்தாறுதான். பார்த்துப் பார்த்து எடுக்கணும்."

கடைசியாக அவள் வீட்டுக்கு வந்தது ஆயுத பூஜை லீவுக்கு. முன் அறையில் ஒரு பழம்புடவையை மடியில் போட்டு நான் ஜரிகை பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்பா" என்றாள். நிமிர்ந்தேன். டக்கென்று ஒரு சத்தம்.

"முப்பத்தாறு! ரோல் முடிஞ்சிடுச்சு. கடைசி ஷாட் உனக்குத்தாம்பா. நீ சிரிச்சே."

"நான் எங்கடி சிரிச்சேன்?"

"என்னைப் பார்த்து சிரிச்சேப்பா. உனக்கே தெரியலை. கழுவினதும் காட்டறேன், அப்போ ஒத்துக்குவே."

"பொய் சொல்லாத. போய் வேலையைப் பாரு" என்றேன்.

மறுநாள் விடியற்காலை பஸ்ஸுக்கு அவள் கிளம்பும்போது நான் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நான் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நினைவு இல்லை. ஆக, நான் அவள் முகத்துக்கு நேராகப் பேசிய கடைசிப் பேச்சு, பொய் சொல்லாதே என்பதுதான்.

என் முகத்தைப் பற்றி எனக்குத் தெரியும். கல்யாண ஆல்பத்திலேயே கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்தவன் மாதிரி நிற்கிறேன். பிரியாவின் போனில் என் படங்கள் நாற்பதாவது இருக்கும், எல்லாவற்றிலும் யாரையோ அதட்டிக்கொண்டிருக்கிறேன். என் மகளைப் பார்த்து நான் ஒரு தடவையாவது சிரித்தேன் என்பதற்கு அத்தாட்சி அந்த டப்பாவுக்குள்தான் இருந்தது. அதற்காக நான் எவ்வளவு ஏங்கினேன் என்பதை என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

கலாவதிக்கு வேறு காரணம் இருந்தது. "போன்ல அவ இருக்கா. இதுக்குள்ள அவ பார்த்ததெல்லாம் இருக்குது. எனக்கு அதைக் கழுவிக் கொண்டாந்து குடுங்க" என்றாள்.

ஆனால் காமிரா இறுகிக் கிடந்தது. பிலிம் தள்ளுகிற லீவர் பாதியில் நின்றுவிட்டது, முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. ஊரில் இருக்கிற ஸ்டுடியோக்காரர்கள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இது எங்க தாத்தா காலத்து சமாச்சாரம் என்று திருப்பிக் கொடுத்தார்கள். ஒருவர் மட்டும், பக்கத்தில் முசரவாக்கம் கிராமத்தில் டேனியல் என்று ஒருத்தர் இருக்கிறார், சினிமாக்காரர்களே கூரியரில் அனுப்பி ரிப்பேர் பண்ணிக்கொள்கிறார்கள் என்றார்.

கலாவதியும் நானும் போனோம். ஒரே அறையும் சமையல் கட்டும் உள்ள சிறிய வீடு. ஜன்னலோரம் மேஜை. அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து, ஒரு இட்லித் தட்டின் குழிகளில் திருகாணிகளை ரகம் ரகமாகப் பிரித்து வைத்திருந்தார் டேனியல். நாற்பத்தைந்து வயது இருக்கும். காமிராவை வாங்கியவர் உடனே ஒன்றும் செய்யவில்லை, காதோரம் வைத்துக் கேட்டார். பிறகு மேலே இருந்த சிறிய கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"பிலிமைத் திரும்ப டப்பிக்குள்ள சுத்தற கைப்பிடி சார் இது. லேசா சுத்துது பாருங்க. பிலிம் ஒழுங்கா உள்ள போயிருந்தாலும் இப்படித்தான் சுத்தும். அறுந்து வெளியில கிடந்தாலும் இப்படித்தான் சுத்தும். மேல இருந்து சொல்ல முடியாது."

"திறந்து பாரேம்பா."

"வெளிச்சத்துல திறக்கக் கூடாது சார். இதுக்குள்ள வெச்சுத்தான் திறக்கணும்." கைகளை நுழைக்க இரண்டு துளை வைத்த கறுப்புத் துணிப்பை ஒன்றை எடுத்துக் காட்டினார். "அதுக்கு முன்னாடி லீவரை விடுவிக்கணும். இன்னிக்கே ஆவாது. மூணு நாள் வெச்சிட்டுப் போங்க."

கறுப்புப் பையைப் பார்த்ததும் திரையும் கத்தரிக்கோலும் கண்ணில் வந்து போயின. "என் எதிர்லயே பண்ணு. நான் உட்கார்ந்துக்கினு இருக்கேன், எத்தினி நேரம் ஆனாலும்" என்றேன்.

"தாராளமா உட்காருங்க சார். ஆனா பைக்குள்ள நடக்கறதை நானே பார்க்க முடியாது, கைதான் பார்க்கும்." சொல்லிவிட்டு, காமிராவைத் திருப்பி அடியில் இருந்த ஒரு கீறலைத் தடவிப் பார்த்தார். "இது எனக்குத் தெரிஞ்ச காமிராதான். ஆவணியில ஒரு பொண்ணு கொண்டாந்துச்சு. ஷட்டர் வேலை நான்தான் செஞ்சேன். உங்க பொண்ணா சார்? நல்லா இருக்குதா?"

கலாவதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நல்லா இருக்கா" என்றேன் நான். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் சொன்னதையும் நான் நம்பவில்லை. எங்கள் தொழிலில் இது பழைய தூண்டில். வாசலில் நிற்கிற அம்மாளிடம், உங்க மாமியார் புடவையைக்கூட நான்தான் வாங்கினேன் என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், பெட்டி திறந்துவிடும். எத்தனை வீட்டில் நானே போட்டிருக்கிறேன் அந்தத் தூண்டிலை.

டேனியலின் மனைவி கிரேஸ் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கலாவதி குடித்தாள். நான், இப்போதுதான் குடித்தேன் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி, காமிராவைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

"வெச்சிட்டு வந்திருக்கலாம்" என்றாள் கலாவதி, வண்டியில்.

"கறுப்புப் பைக்குள்ள விட்டு லென்ஸைக் கழட்டிக்கினா உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

இது பாதிதான். மீதியையும் சொல்லிவிடுகிறேன். முசரவாக்கத்தில் அவர் வீடு எந்தப் பக்கம் என்று விசாரித்தபோதே என் மனசில் ஏதோ ஒரு கதவு சாத்திக்கொண்டது. எங்கள் தெருவில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த டம்ளரை நான் தொடாததற்குக் காரணம் தாகம் இல்லாதது அல்ல.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் உதயகுமாரின் கடை. செல்போன், வாட்ச், மிக்ஸி எல்லாம் பார்ப்பான். கண்ணாடித் தடுப்புக்கு மேலே பெரிய எழுத்தில் ஒரு போர்டு: 'உங்கள் கண் முன்னே சர்வீஸ்.' எங்கள் பிள்ளையார்பாளையத்துக்காரன், விசாரித்துப் பார்த்ததில் சுற்றி வளைத்து உறவும்கூட. எனக்கு வேறென்ன வேண்டும்? நாற்காலி போட்டான். காமிராவை வாங்கிக் கைப்பிடியைச் சுற்றினான்.

"பாருங்க மாமா, வெண்ணெய் மாதிரி சுத்துது. பிலிம் சேஃபா டப்பிக்குள்ள போயிடுச்சு. திறந்து எடுத்துடலாம், லீவரை அப்புறம் பார்த்துக்கலாம்."

"அவரு இருட்டுலதான் திறக்கணும்னு சொன்னாரே" என்றாள் கலாவதி.

"யாரு, அந்த முசரவாக்கத்துக்காரனா? பைக்குள்ள விட்டாத்தானே அத்தை உள்ள இருக்கறதை மாத்த முடியும்!"

நான் நினைத்ததையே அவன் சொன்னதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நீ திறப்பா" என்றேன். கலாவதி என் முழங்கையைப் பிடித்தாள். நான் கையை உதறிக்கொண்டேன். பகல் பதினோரு மணி. கடைக்குள் வெயில் விழுந்துகொண்டிருந்தது. உதயகுமார் பின்மூடியைச் சட்டென்று திறந்தான்.

டப்பிக்குள் ஒன்றும் இல்லை. முழு பிலிமும் எதிர்ப்பக்கத்து உருளையில் அம்மணமாகச் சுற்றிக் கிடந்தது. நுனி கிழிந்திருந்தது. முப்பத்தாறு முடிந்த பிறகும் கைப்பழக்கத்தில் லீவரை இன்னொரு தரம் இழுத்திருக்கிறாள், டப்பியிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. புதுப் பட்டு போல அது வெயிலில் பளபளத்தது.

"ஐயோ" என்று மூடினான் உதயகுமார். நாலு விநாடி இருக்கும். "சாரி மாமா. இப்படி ஆவும்னு யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் தறிக்காரன் வீட்டில் பிறந்தவன். எங்கம்மா ராட்டை சுற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவன். சுற்றுகிற கை திடீரென்று லேசானால் இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் தெருவில் ஐந்து வயதுக் குழந்தை சொல்லிவிடும். அந்தக் கைப்பிடி என் கண்ணெதிரில் இரண்டு கடையில் லேசாகச் சுற்றியது. நான் காமிராவைப் பார்க்கவே இல்லை, ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கலாவதி அழவில்லை. எழுந்து வெளியே போய், வீட்டுக்கு ஆட்டோ பிடித்துத் தனியாகப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் நான் மட்டும் முசரவாக்கம் போனேன். நடந்ததைச் சொன்னேன். டேனியல் ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தேவலை. "எதுனா பண்ண முடியுமாங்க?" என்று கேட்டேன்.

"கறுப்பு வெள்ளை ரோலா கலரான்னு தெரியணும் சார், கழுவறது வேற வேற. பொண்ணுகிட்ட ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

அப்போது சொல்ல வேண்டியதாகிவிட்டது. நின்றபடியே சொன்னேன். அவர் கையில் இருந்த திருப்புளியை இட்லித் தட்டில் வைத்தார். சமையல் கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது.

"அன்னிக்கு நல்லா இருக்குதுன்னீங்களே சார்" என்றார்.

காமிராவை மேஜைமேல் வைத்தேன். "மூணு நாள் கழிச்சு வரேன்" என்றேன். கிரேஸ் இந்த முறை தண்ணீர் கொண்டுவரவில்லை. எனக்கு அப்போது நிஜமாகவே நாக்கு வறண்டிருந்தது, கேட்கும் யோக்கியதை இல்லை.

மூன்றாம் நாள், கழுவிய பிலிமை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். கரி பூசியது போல நீளத்துக்குக் கறுப்பு. "வெளிச்சம் மேல்சுத்துலேருந்துதான் உள்ள இறங்கும் சார். கடைசியா எடுத்ததெல்லாம் மேல்சுத்து, முழுக்கப் போயிடுச்சு. அடிச்சுத்துல முதல்ல எடுத்தது ரெண்டு மட்டும் தப்பிச்சிருக்குது." அந்த இரண்டையும் போஸ்ட் கார்டு அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து அவற்றைக் கலாவதியின் முன் வைத்தேன். முதல் படத்தில் அந்த ஜன்னலோர மேஜை, இட்லித் தட்டு, வாய்விட்டுச் சிரிக்கிற டேனியல். காமிரா சரியாகிவிட்டதா என்று பார்க்க, பிரியா முதல் படத்தை அங்கேயே எடுத்திருக்கிறாள். இரண்டாவதில் மேஜையின் ஓரம், அதன்மேல் பாதி குடித்த ஒரு டீ டம்ளர். பின்னால் மங்கலாகக் கிரேஸின் புடவைத் தலைப்பு.

"அவ இவருகிட்டதான் குடுத்திருக்கா" என்றாள் கலாவதி. "வெச்சிட்டுப் போயிருக்கா, திரும்பி வந்து வாங்கியிருக்கா. டீ குடிச்சிருக்கா." டம்ளர் படத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள்.

நான் முப்பத்தாறாவது படத்தைப் பற்றி முதல் தடவையாக அவளிடம் சொன்னேன். ஆயுத பூஜை லீவில் அவள் சொன்னதையும், நான் சொன்னதையும்.

கலாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் கறுப்பு பிலிமை எடுத்தாள். கிழிந்த நுனியில் இருக்கிற கடைசிக் கட்டத்தை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் பார்க்க ஒன்றுமே இல்லை.

"சிரிச்சிருப்பீங்க" என்றாள். "அவ பொய் சொல்ல மாட்டா."

நானும் தினம் ஒரு தடவை அந்தத் துண்டை எடுத்து ஜன்னலில் பிடிக்கிறேன். பார்க்காத ஒன்றை நம்ப எனக்கு வரவில்லை.